ராஜா தலை விழுந்தது, ஆண்டை தலை நிமிர்ந்தது

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கதை சொன்னாங்க. இங்கிலாந்தில் ராஜாக்கள் இஷ்டத்துக்கு ஆண்டார்களாம். பிரபுக்கள் மடக்கினார்களாம். அதிகாரம் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பாராளுமன்றத்துக்கு வந்ததாம். அதுதான் 'மக்களாட்சி'யாம். நானும் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது கேட்கிறேன்: வந்தது சரி, யார் வீட்டுக்கு வந்தது?

1215இல் ஜான் மன்னனை மடக்கி மகாசாசனம் வாங்கினார்கள். 'சுதந்திர மனிதன்' எவனையும் சட்டப்படியல்லாமல் சிறையில் தள்ளக்கூடாது என்றது அது. ஆனால் நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட பண்ணையாள் அந்தக் கணக்கில் இல்லை. தன் மகளைக் கட்டிக்கொடுக்கக்கூட ஆண்டைக்குப் பணம் கட்டியவன் அவன். அவனுக்கு அங்கே வழங்கிய பேர்தான் பின்னால் 'வில்லன்' ஆனது. உழைத்தவன் பேர் கெட்டவன் பேராகிவிட்டது. இந்த வித்தை நமக்குப் புதுசா என்ன?

முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 வருஷம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். 1642இல் யுத்தம். பாராளுமன்றத்துக்காகச் செத்தவர்களில் கைவினைஞனும் குடியானவனும் உண்டு. 1647இல் பட்னி தேவாலயத்தில் அந்தச் சிப்பாய்களின் தரப்பு கேட்டது: ரத்தம் கொடுத்த எங்களுக்கு ஓட்டு உண்டா? ஏழைக்கும் வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறதே என்று வாதாடினார் கர்னல் ரெயின்பரோ. நாட்டில் நிலையான சொத்து இல்லாதவனுக்கு ஆட்சியில் பங்கில்லை என்றார் கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன். 1649 ஜனவரி 30இல் ராஜா தலை விழுந்தது. அதே வருஷம் மே மாதம், கலகம் செய்த சமத்துவப் படைவீரர்கள் மூன்று பேரை பர்ஃபோர்டில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது ராஜா இல்லை தோழர்களே, ராஜாவை வென்றவர்கள்.

1689 உரிமைச் சாசனம் ராஜாவின் கையை நிஜமாகவே கட்டியது. பாராளுமன்றம் சம்மதிக்காமல் வரி போட முடியாது, சட்டத்தை நிறுத்திவைக்க முடியாது. சரி, கட்டியவன் கை என்ன செய்தது? ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் அதுவரை ராஜகுடும்பத்தின் ஆதரவு பெற்ற ஒரே கம்பெனியின் ஏகபோகம். 1698இல் பாராளுமன்றம் அதை உடைத்து எல்லா வியாபாரிக்கும் திறந்துவிட்டது. மனுஷனை விற்கும் 'சுதந்திரம்'! 1710இல் இன்னொரு சட்டம்: மாவட்ட உறுப்பினராக வருஷம் 600 பவுன் நில வருமானம் வேணும்.

1833இல் அடிமைமுறையை ஒழித்ததும் இதே சபைதான். நஷ்டஈடு 2 கோடி பவுன். வாங்கியவன் எஜமான். அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை. அந்தக் கடனின் கடைசி பாக்கி தீர்ந்தது 2015இல்!

அப்ப ராஜாவே இருந்திருக்கலாமா என்று கேட்பார்கள். இல்லை. ஒருத்தன் கையில் இருந்த சாட்டை பறிபோனது நல்லதுதான். ஆனால் சாட்டை கைமாறியதற்குப் பேர் விடுதலை இல்லை. கீழே இருந்தவர்கள் பெற்றது எதையும் சபை தானாகக் கொடுக்கவில்லை. 1842இல் சாசன இயக்கத்தார் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு போனார்கள். தள்ளுபடி. அந்த இயக்கத்தின் லண்டன் தலைவர்களில் ஒருவர் வில்லியம் கஃபே. கறுப்பர், தையல்காரர், அடிமையாய்ப் பிறந்தவரின் மகன். 1848இல் அவரைப் பிடித்துத் தாஸ்மானியாவுக்கு நாடு கடத்தினார்கள். சொத்தில்லாத ஆண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1918இல். பெண்ணுக்குச் சமமாக வந்தது 1928இல். மகாசாசனத்துக்கு 713 வருஷம் கழித்து!

நம் பாராளுமன்ற முறை அங்கிருந்து வந்ததுதான். லண்டனில் படித்த அம்பேத்கருக்கு அதன் பலமும் தெரியும், ஓட்டையும் தெரியும். 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அதனால்தான் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அசமத்துவம் என்றால் இந்த ஜனநாயகமே தகர்ந்துபோகும்.

எனவே அதிகாரம் கைமாறியது என்று எவனாவது சொன்னால் உடனே கைதட்டாதீர்கள். யார் கையிலிருந்து, யார் கைக்கு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.