ஹீட்டரை நம்பலாமா? மீன் தொட்டிக்கு ஒரு கொன்ட்ரோலர் வாங்குவது பற்றி

மீன் தொட்டிக்கு ஹீட்டர் எண்டு சொன்னா யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சிரிப்பார்கள். "சித்திரை வெயிலுக்குத் தண்ணியைக் குளிராக்க வழியிருந்தா சொல்லுங்கோ" என்பார்கள். ஆனால் இதே தீவில், 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசியில் விடியப்புறம் புல்லில் உறைபனி படியும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கமும் இரவில் நல்ல குளிர். பேராதனையில்கூட மார்கழி இரவுகளில் 20 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். நாங்கள் ஆசைப்பட்டு வாங்குகிற கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் எல்லாம் 24 முதல் 28 பாகைக்குள் சுகமாக இருக்கிற மீன்கள். டிஸ்கஸ் என்றால் 28 பாகையாவது வேணும்.

ஆகவே மலையகத்தில் இந்த மீன்களை வளர்க்கிறவருக்கு ஹீட்டர் ஆடம்பரம் இல்லை. எங்கட கேள்வி அதற்கு அடுத்தது. அந்த ஹீட்டரை மட்டும் நம்பி ஒரு தொட்டியை விட்டுவிட்டு விரிவுரைக்குப் போகலாமா? போகக் கூடாது, இடையில் ஒரு கொன்ட்ரோலர் வேணும் என்பதுதான் எங்கள் கட்சி. "ஹீட்டருக்குள்ளேயே தேர்மோஸ்டற் இருக்கே, பிறகென்ன?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

அந்தத் தேர்மோஸ்டற்றைக் கொஞ்சம் பாருங்கள். மலிவான ஹீட்டர்கள் பலவற்றில் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உலோகங்களால் ஆன ஒரு தகடு. சூடாகும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. தகடு வளையும், தொடுமுனை பிரியும், கரண்ட் நிற்கும். ஆறினால் திரும்பவும் ஒட்டும். பிரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொறி பறக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை, மாதக் கணக்கில் இப்படியே நடந்தால் தொடுமுனை கரிந்து, ஒருநாள் ஒட்டியபடியே நின்றுவிடலாம். அதற்குப் பிறகு ஹீட்டர் நிற்காது.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தக் கதை என்று கேட்க வேண்டாம், சாதாரணதர விஞ்ஞானம் போதும். 60 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 250 கிலோயூல் வேணும். 300 வாட் ஹீட்டர் அதை 14 நிமிடத்தில் கொடுத்துவிடும். காலை எட்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தால், காற்றுக்குப் போகிற வெப்பத்தைக் கழித்துப் பார்த்தாலும் அங்கே மீன் இருக்காது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறையும். 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, 35 பாகையில் 7 அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் மீனுக்கு ஒட்சிசன் தேவை கூடும்.

இங்கேதான் வெளியே பூட்டுகிற கொன்ட்ரோலர் வருகிறது. அதன் சென்சர் தண்ணீருக்குள் இருக்கும், பெட்டி வெளியே இருக்கும். ஹீட்டரின் பிளக்கை அந்தப் பெட்டியில் குத்துவோம். 26 பாகை என்று வைத்தால் அங்கே வந்ததும் வெட்டிவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கொன்ட்ரோலருக்குள் இருக்கிற ரிலேயும் தொடுமுனைதான். அதுவும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளலாம்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்து வேலை வாங்கச் சொல்கிறோம். கொன்ட்ரோலரை 26 இல் வையுங்கள், ஹீட்டரின் சொந்தத் திருகியை 28 இல் வையுங்கள். நாளாந்த வேலையைக் கொன்ட்ரோலர் செய்யும், ஹீட்டரின் தேர்மோஸ்டற் தேயாமல் காவலுக்கு நிற்கும். மாணவர் சங்கத்துக் கணக்கில் காசு எடுக்கத் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட வேணும் இல்லையா? அதே மாதிரி. ஒருவர் பிழைத்தாலும் மற்றவர் இருக்கிறார். இரண்டும் ஒரே நாளில் ஒட்டிக்கொள்வது மிக அரிது.

எதை வாங்குவது? பரவலாகக் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது டபிள்யூ1209 போன்ற திறந்த பலகை. மலிவு, ஆனால் 12 வோல்ட் தனியாகக் கொடுக்க வேணும், ரிலேயில் வீட்டுக் கரண்ட் ஓடும், மூடி இல்லை. தண்ணீர் தெறிக்கிற இடத்தில் இது வேண்டவே வேண்டாம். இரண்டாவது எஸ்டிசி-1000. நல்ல சாமான்தான், ஆனால் வயரிங் நாங்களே செய்ய வேணும். மின்வேலை தெரிந்த ஒருவர் மூடிய பெட்டிக்குள் பூட்டித் தந்தால் வாங்கலாம். மூன்றாவது இங்க்பேர்ட் ஐடிசி-308 மாதிரி பிளக்கோடு வருகிறவை. வயரில் கை வைக்கத் தேவையில்லை. விலை ஹீட்டரையே தாண்டலாம். ஆனாலும் போர்டிங்கில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

கடைக்காரர் முதலில் ஆம்பியரைக் காட்டுவார். 10 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட். எங்கட ஹீட்டர் 100, 200 வாட். ஒரு ஆம்பியரைக்கூட அது தொடாது. ஆகவே ஆம்பியருக்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக வேறு நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இது 230 வோல்ட்டுக்கானதா? ஒன்லைனில் 110 வோல்ட் வகைகளும் அதே படத்தோடு கிடக்கின்றன.

இரண்டு, சென்சர் வயர் அறுந்தால் என்ன செய்யும்? நல்ல கொன்ட்ரோலர் பிழை காட்டிவிட்டு ஹீட்டரை நிறுத்தும். எஸ்டிசி-1000 திரையில் 'ஈஈ' என்று காட்டிச் சத்தம் போடும். ஆனால் சென்சர் அறுபடாமல் தொட்டிக்கு வெளியே நழுவி விழுந்தால் எந்தக் கொன்ட்ரோலருக்கும் அது பிழையாகத் தெரியாது. அறையின் குளிர்க் காற்றைத் தண்ணீர் என்று நினைத்துச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே சென்சரை ஹீட்டரில் இருந்து தள்ளி, தொட்டியின் கீழ்ப்பக்கமாக, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பரால் இறுக்கி ஒட்டுங்கள்.

மூன்று, கரண்ட் போய் வந்தால் தானாகவே பழைய அளவில் தொடங்குமா? இந்த நாட்டில் இது சின்னக் கேள்வி இல்லை. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் போன ஒரு குரங்கால் முழு நாடும் இருட்டானது. கரண்ட் வந்த பிறகு யாராவது வந்து பொத்தானை அமத்தும்வரை சும்மா இருக்கிற பெட்டி எங்களுக்குச் சரிவராது. கைபேசிக்குத் தகவல் அனுப்புகிற வைஃபை வகையிலும் மயங்க வேண்டாம். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும்.

நாலு, எத்தனை பாகை வித்தியாசத்தில் ஒன், ஒஃப் ஆகும் என்று மாற்றலாமா? 0.5 முதல் 1 பாகை வரை நல்லது. அதைவிட நெருக்கமாக வைத்தால் ரிலே அடிக்கடி தட்டித் தட்டிச் சீக்கிரம் தேயும். மீனுக்கு அந்தத் துல்லியம் தேவையும் இல்லை.

வாங்கினதும் தொட்டியில் போடாதீர்கள். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஓடவிட்டு, தனியான தேர்மோமீற்றரால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹீட்டர் தனியாக எந்த அளவில் வெட்டுகிறது என்றும் பாருங்கள். திருகியில் எழுதியிருப்பதும் தண்ணீரில் இருப்பதும் எப்போதும் ஒன்றில்லை. இன்னொன்று: கொன்ட்ரோலர் மீனைத்தான் காப்பாற்றும். ஹீட்டரின் கண்ணாடி வெடித்தால் எங்களைக் காப்பாற்றுவது வீட்டு ட்ரிப் சுவிட்ச்தான். அது வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை வைக்க முதல் பிளக்கைக் கழற்றுங்கள்.

"ஒரு மீனுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றில் இருக்கிற மீனுக்குச் சூடு கூடினால் நிழலுக்கோ ஆழத்துக்கோ போகும். தொட்டி மீனுக்குப் போக இடமில்லை. அந்த இடத்தை எடுத்தது நாங்கள். தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேணும் என்ற பொறுப்பும் அப்பவே எங்களிடம் வந்துவிட்டது.

கொன்ட்ரோலருக்குக் காசு இல்லையா? அப்படியென்றால் ஹீட்டரைச் சின்னதாக வாங்குங்கள். அதே 60 லீற்றருக்கு 50 வாட் என்றால் ஒரு பாகை ஏற 84 நிமிடம் எடுக்கும். ஒட்டிக்கொண்டு நின்றாலும் மாலையில் வந்து பிளக்கைக் கழற்ற நேரம் இருக்கும். கடுங்குளிர் இடத்துக்கு அது போதாது என்றால் கோல்ட் ஃபிஷ் வளருங்கள். நுவரெலியாக் குளிரிலும் அதற்கு ஹீட்டரே தேவையில்லை. கொஞ்சம் பெரிய தொட்டி மட்டும் கொடுங்கள்.