கரும்பலகையில் வராத மனிதர்

ஆத்தூரில் ஓடும் வசிஷ்ட நதியைப் பல பிள்ளைகளுக்குச் சாக்கடையாகத்தான் தெரியும். சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடல் சேரும் ஆறு அது. அதன் கரையிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொல்கிறோம் நாம்.

மழைநீர் வடிகாலில் போடும் குப்பை நேரே ஆற்றுக்குப் போகும். கழிவுநீர் அப்படிப் போகக் கூடாது. வடிகட்டி, காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ற பிறகே வெளியேற வேண்டும். இதைக் கரும்பலகையில் அழகாக வரைந்துவிடலாம்.

குழாய் அடைத்துக்கொண்டால்? அங்கே படம் நின்றுவிடுகிறது. அடைப்பெடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கேட்டால், 'வகுப்பில் சாதி பேசாதே' என்பார்கள்.

சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். அழுகிய முட்டை வாடை வீசும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. வாடை இல்லையென்று நம்பி இறங்கியவர் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். இது அறிவியல் பாடம்தானே?

பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை.

ஆசிரியர்களே, அந்த வாயுவையும் இந்தச் சட்டத்தையும் படத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் தொட்டிக்குள் ஆளை இறக்கினால் தடுத்து நிறுத்துங்கள். லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடச் சொல்லுங்கள்.