சீர்மிகு நகரமும் ஸ்தல சுயாட்சியும்

2015 ஜூன் 25ஆம் தேதி இந்திய சர்க்கார் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டம், பன்முறை தவணை நீட்டிக்கப்பெற்று, 2025 மார்ச் 31ஆம் தேதியோடு முடிவெய்தியது. தேசத்தில் நூறு நகரங்கள். மத்திய சர்க்காரின் பங்காக மட்டும் 48,000 கோடி ரூபாய் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் பதினொரு நகரங்கள் இதில் இடம்பெற்றன. கலியாணம் முடிந்து பந்தல் பிரித்த பின்னர் வீட்டுக்காரன் கணக்குப் பார்ப்பது உலக வழக்கம். வரி கொடுக்கும் ஜனங்களும் இப்பொழுது கணக்குப் பார்க்க வேண்டும். பணக் கணக்கை மட்டுமன்று. உரிமைக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இத்திட்டத்தால் நன்மையே விளையவில்லை என்போர் கட்சியில் நாம் சேரமாட்டோம். கோவையில் உக்கடம் பெரியகுளத்தின் கரை குடும்பத்தோடு உலாவத்தக்க இடமாயிற்று. மதுரையில் பெரியார் பஸ் நிலையம் புதிதாக எழுந்தது. சென்னைப் பாண்டி பஜாரில் நடந்து செல்வோருக்கு அகலமான பாதை கிடைத்தது. நூறு நகரங்களிலும் கட்டளை மையங்கள் அமைந்துள்ளன. வீதியிலுள்ள காமிராக்களும் பலவகைக் கருவிகளும் அனுப்பும் செய்திகள் அங்கே ஒரே கூடத்தில் வந்து சேருகின்றன. 2020இல் கொரோனா நோய் பரவிய காலத்தில் பல நகரங்களில் இம்மையங்கள் உதவி புரிந்தன. விஞ்ஞானம் அளிக்கும் கருவிகளை வேண்டாமென்பது அறிவுடைமையாகாது.

நமது ஆக்ஷேபம் கருவியைப் பற்றியதன்று. அதைக் கையாளும் கையைப் பற்றியது. இத்திட்டத்தை நடத்தும் பொறுப்பு நகரசபைகளிடம் விடப்படவில்லை. நகரந்தோறும் கம்பெனிச் சட்டத்தின்படி ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. அதன் பங்குகளில் பாதி மாநில சர்க்காருக்கு, பாதி நகரசபைக்கு. இத்திட்டத்தைப் பொறுத்தமட்டில் நகரசபையின் உரிமைகளையும் கடமைகளையும் கம்பெனிக்கு ஒப்படைக்குமாறு மத்திய சர்க்காரின் வழிகாட்டி விதிகளே ஊக்கமளித்தன. வீட்டுக்காரனுக்குப் பாதிப் பங்கு கொடுத்துச் சாவியைக் காரியஸ்தனிடம் கொடுத்ததற்கு இது ஒப்பாகும்.

தமிழ்நாட்டிலோ நிலைமை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் சென்னையும் கோவையும் முதலில் தெரிந்தெடுக்கப்பட்டன. 2018 ஜனவரியில் ஈரோடு கடைசியாகச் சேர்ந்தது. இதற்கிடையில், 2016 அக்டோபரில் நகரசபைகளின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதியன்று! ஐந்தாண்டுகளுக்கு மேல் பதினொரு நகரங்களிலும் ஜனப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை; தனி அதிகாரிகளே ஆண்டனர். கோடிக்கணக்கில் பணம் செலவான காலமும் அதுவே. கேள்வி கேட்க வேண்டியவனை வெளியே நிறுத்திவிட்டு விருந்து நடந்தது.

இதன் விளைவு என்ன? சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதில் வட்டாரச் சீரமைப்புக்குத் தெரிந்தெடுத்த இடம் தியாகராய நகர். எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் வசிக்கும் ஏழை, தன் வீதிக்கு என்ன முறை என்று கேட்க விரும்பினால், அவனுக்காகச் சபையில் எழுந்து நிற்க ஒரு கௌன்சிலர் இல்லை. அந்தத் தியாகராய நகரே 2021 நவம்பர் மழையில் வெள்ளக்காடாயிற்று. 2022இல் இத்திட்டப் பணிகளைப் பற்றி விசாரிக்க மாநில சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. பணி நடந்தபோது சபையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, தண்ணீர் வீட்டிற்குள் புகுந்த பின்னர் கமிஷனில் எழுந்தது என்பதே நாம் சுட்டிக்காட்டுவது. கம்ப்யூட்டர் வழியாக ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதே என்பர். அபிப்பிராயம் கேட்பது வேறு. அதற்குக் கட்டுப்பட்டுப் பதில் சொல்வது வேறு.

'கௌன்சிலர்கள் சண்டையிடுவார்கள், அதிகாரிகள் காரியத்தை முடிப்பார்கள்' என்ற வாதம் புதியதன்று. அந்நியராட்சிக் காலத்திலேயே அதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் 1882ஆம் வருஷத்துத் தீர்மானத்தில் ரிப்பன் பிரபுவே, ஸ்தல சுயாட்சியின் முக்கிய நோக்கம் நிர்வாகத் திறமை அன்று, ஜனங்களுக்கு ராஜீயப் பயிற்சி அளிப்பதே என்று ஒப்புக்கொண்டார். அவர் பெயர் தாங்கிய மாளிகையில்தான் இன்று சென்னையின் கட்டளை மையம் இயங்குகிறது! இப்பட்டியலிலுள்ள சேலத்தில் ராஜாஜி நகரசபைத் தலைவராயிருந்தார், ஈரோட்டில் ஈ. வெ. ராமசாமி அப்பதவி வகித்தார். சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வழிகோலியவர் மேயர் சத்தியமூர்த்தி. இவர்களில் எவரும் கம்பெனியின் டைரக்டராக ஜன சேவையைத் தொடங்கவில்லை.

இனிச் செய்யவேண்டுவது என்ன? கம்பெனிகளின் பத்தாண்டுக் கணக்கும் ஒப்பந்தங்களும் நகரசபையின் பகிரங்கக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். கம்பெனிகள் நீடிப்பதானால் சபைக்கு அடங்கிய வேலைக்காரராக நீடிக்கட்டும்; இல்லையேல் அவற்றின் சொத்தும் கடமையும் சபையிடமே சேரட்டும். கட்டளை மையத்தில் சேரும் விவரம் கமிஷனரின் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. எந்தத் தெருவில் எத்தனை நாள் குப்பை கிடந்தது, எந்தப் புகார் எப்பொழுது தீர்ந்தது என்பவை மாதந்தோறும் வார்டு கமிட்டியின் முன் வைக்கப்பட வேண்டும். மூன்று லட்சத்திற்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் இருக்க வேண்டுமென்று 1993இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தமே கூறுகிறது. தேர்தலை ஐந்தாண்டு தள்ளிப்போடும் வழக்கம் இனி ஒருபோதும் தலைதூக்கலாகாது.

சர்க்காரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. படித்தவர்களாகிய நம்மில் எத்தனை பேர் அவற்றின் வாசற்படியை மிதித்தோம்? வீதிவிளக்கிலும் குப்பைத் தொட்டியிலும் அறிவை ஏற்றிவிடக் கருவிகள் உண்டு. பிரஜையிடம் பொறுப்பை ஏற்றும் கருவி இன்னும் பிறக்கவில்லை. அதை நாமேதான் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த பகுதி சபை கூடும் நாளில், வாசகர்கள் தத்தம் வார்டில் எழுந்து நின்று கணக்கைக் கேட்பார்களாக.