சீமான் குத்தகைக்காரர் ஆனார்

ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய்ச் சிங்கம் பார்ப்பது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு. ஓர் இரவு தங்குவதற்கு ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் கூடாரங்கள் அங்கே இருக்கின்றன. கூடாரம் என்றதும் நாலு முளையும் ஒரு கித்தானும் நினைவுக்கு வரலாம். இவை அப்படிப்பட்டவை அல்ல. மெத்தைக் கட்டில் உண்டு. குளியல் தொட்டி உண்டு. காலையில் கண் விழித்தால் காப்பி வரும். திரையை விலக்கினால் யானை நிற்கும்!

இந்த விருந்துக்கு உலகை அழைக்கும் பெரும் புள்ளிகளில் ஒருவர், இங்கிலாந்தின் பிரபலத் தொழிலதிபர் சர் ரிச்சர்ட் பிரான்சன். தென் ஆப்பிரிக்காவில் அவருக்கு 'உலுசாபா' என்னும் விடுதி இருக்கிறது. கென்யாவில் 'மஹாலி முசூரி' என்னும் கூடார முகாம் இருக்கிறது. சுவாஹிலி மொழியில் அதற்கு 'அழகிய இடம்' என்று பொருள்.

அழகிய இடந்தான். யாருடைய இடம் என்பதே கேள்வி.

பெயர் விற்கும் சரக்கு

'சபாரி' என்பதும் சுவாஹிலிச் சொல்லே. பயணம் என்பதற்கு மேல் அதற்கு ஆடம்பரப் பொருள் எதுவும் கிடையாது. அதற்குத் துப்பாக்கியையும், பின்னர் பட்டு மெத்தையையும் சேர்த்தவர்கள் வெளிநாட்டார்.

ஆரம்பம் முதலே சபாரி, பெரிய மனிதர்களின் பெயரால் விலை போன சரக்கு. அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அவரும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. கணக்கை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த செல்வர்கள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள்.

1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத், கென்யாவில் மரத்தின் மேல் கட்டிய 'ட்ரீடாப்ஸ்' விடுதியில் தங்கி வன விலங்குகளைப் பார்த்தார். அந்த வேளையில் இங்கிலாந்தில் அவருடைய தந்தை காலமானார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது மகாராணி! அந்த விடுதிக்கு வேறு விளம்பரம் வேண்டுமா? 1954-ல் மௌ மௌ கிளர்ச்சியின்போது அது எரிந்து போயிற்று. பிறகு இன்னும் பெரிதாகக் கட்டினார்கள்.

1959-ல் ஹாலிவுட் நடிகர் வில்லியம் ஹோல்டன், நண்பர்களோடு சேர்ந்து கென்ய மலையடிவாரத்தில் சபாரி கிளப் ஒன்றைத் தொடங்கினார். சினிமா நட்சத்திரங்களும் அரசியல் தலைவர்களும் அங்கே வந்து போனார்கள்.

பிரான்சன் இந்த வரிசையில் வந்தவர். ஆனால் விளம்பரக் கலையில் முன்னவர்கள் எவரும் அவர் கால் தூசிக்குப் பெறமாட்டார்கள். இசைத்தட்டு விற்றுத் தொடங்கியவர் 1984-ல் விமானக் கம்பெனி வைத்தார். 1987-ல் வெப்பக் காற்றுப் பலூனில் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். 1996-ல் மணப்பெண் ஆடைக் கடை திறந்தபோது, தாமே மணப்பெண் உடை உடுத்திக்கொண்டு பத்திரிகைக்காரர் முன் நின்றார். 2021 ஜூலையில் தம் கம்பெனியின் கலத்தில் ஏறி விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார். வேறு முதலாளிகள் விளம்பரத்துக்குக் காசு கொடுப்பார்கள். இவர் மீசையை முறுக்கிச் சிரித்தால் போதும், பத்திரிகைகள் படம் போடும்.

அப்படிப்பட்டவர் ஒரு காட்டைச் சுட்டிக்காட்டி 'இங்கே வாருங்கள்' என்றால் கூட்டம் வருகிறது. 2021-ல் அமெரிக்கப் பயணப் பத்திரிகை ஒன்றின் வாசகர்கள், உலகின் முதல் தரமான ஓட்டலாக மஹாலி முசூரியைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனும் பாரீசும் பின்னால் நிற்க, பன்னிரண்டு கூடாரங்களோடு திறந்த ஒரு முகாம் முதலிடம் பெற்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரான்சனின் விமானக் கம்பெனி 2007-ல் லண்டனிலிருந்து நைரோபிக்குப் பறக்கத் தொடங்கி, கட்டுப்படியாகவில்லை என்று 2012-ல் நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டே முகாம் திறந்தது. போகும் வழியை மூடிவிட்டுச் சத்திரத்தைத் திறந்த கதை!

அங்கே சொந்தக்காரர், இங்கே குடித்தனக்காரர்

இரண்டு விடுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். அது தவறு. இரண்டுக்கும் அடிப்படையே வேறு.

உலுசாபா இருப்பது சாபி சாண்ட் என்னும் தனியார் காட்டில். குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதி அது. பிரான்சன் அந்த இடத்தை 1999-ல் விலைக்கு வாங்கினார். அங்கே அவர் நிலச் சொந்தக்காரர். சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு வேலை கிடைக்கலாம். அவருடைய தரும நிதியிலிருந்து பள்ளிக்கும் குடிநீருக்கும் உதவி கிடைக்கலாம். அவர் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் கேட்பதற்கு உரிமை கிடையாது.

கென்யாவில் நிலைமை அப்படியில்லை. மஹாலி முசூரி இருப்பது, மாசாய் மாரா சரணாலயத்தின் வடக்கெல்லையில் உள்ள ஒலாரே மோடோரோகி என்னும் காப்பகத்தில். அது சர்க்கார் நிலம் அல்ல; மாடு மேய்க்கும் மாசாய்க் குடும்பங்களின் பட்டா நிலம். முன்பு கூட்டுப் பண்ணையாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பிரித்தபோது, குடும்பத்துக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் வீதம் கிடைத்தது.

பிரித்த கையோடு ஆபத்தும் வந்தது. ஆளாளுக்கு வேலி போட்டால் வில்டபீஸ்ட் மந்தைகள் எந்த வழியாகப் போகும்? மாட்டுத் தலையும் மான் கால்களும் கொண்ட இந்தப் பிராணிகள், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளியிலிருந்து மாராவுக்கு வந்து திரும்புகின்றன. கென்யாவின் வன விலங்குகளில் பெரும் பகுதி சரணாலய எல்லைகளுக்கு வெளியேதான் வாழ்கிறது. 1977 முதல் 2016 வரை அவற்றின் எண்ணிக்கை சராசரியாக நூற்றுக்கு 68 குறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேட்டைக்கு 1977-லேயே தடை விதித்தும் இந்த அழிவு! துப்பாக்கியைப் பறித்தால் மட்டும் போதவில்லை. மேய இடமும் நடக்க வழியும் வேண்டும்.

இதற்கு 2006-ல் ஒரு வழி கண்டார்கள். நில உரிமையாளர்கள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். முகாம் நடத்துவோர் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வேலி கூடாது, அங்கே குடியிருக்கக் கூடாது, மாடுகளை முறை வைத்துத்தான் மேய்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதற்கு ஈடாக, வந்த விருந்தாளி எத்தனை பேர் என்று பாராமல், ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் உரிமையாளரின் பாங்குக் கணக்குக்கே போகும். ஏறத்தாழ 33,000 ஏக்கரில் 94 கூடாரங்களுக்கு மேல் அனுமதி இல்லை. அதாவது ஒரு கூடாரத்துக்கு 350 ஏக்கர். சரணாலயத்தின் உள்ளே ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது முப்பது மோட்டார் வண்டிகள் மொய்ப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். கென்யாவில் இறந்த யானைக்குச் சட்டப்படி பொன் கிடையாது. உயிருள்ள யானையாவது தான் மிதிக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு ஏதேனும் தர வேண்டாமா? தன் பசுவை இரவில் சிங்கம் அடித்துத் தின்ற பிறகும், மறு நாள் ஈட்டியைத் தூக்காமல் இருக்க மாசாய்க்காரருக்கு ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணந்தான் குத்தகை.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்த ஏற்பாடு பிரான்சன் மூளையில் உதித்ததல்ல. அவர் முகாம் திறந்த 2013-க்கு ஏழு ஆண்டுகள் முன்பே மாசாய் மக்களும், கென்யாவிலேயே தொழில் நடத்திய சில முகாம்காரர்களும் அதைத் தொடங்கிவிட்டார்கள். அவர் கொண்டுவந்தது முதலும் பெயரும். இரண்டும் சாமானியமானவை அல்ல. கூட்டமில்லாத காட்டுக்கு அதிக விலை கொடுக்கும் விருந்தாளி கிடைத்தால்தான் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற கணக்கு நிற்கும். மலிவாக விற்றால் கூடாரத்தைப் பெருக்க வேண்டி வரும். 'சீமான்களுக்கு மட்டுமா காடு?' என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காகிதத்தால் இழந்தவர்கள்

ஆனால் மாசாய்கள் காகிதத்தைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

1904-ல் பிரிட்டிஷார் அவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். ரிப்ட் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விட்டுவிட்டு, லைக்கிபியாவுக்கும் தெற்கே உள்ள பகுதிக்கும் போக வேண்டும் என்றார்கள். மாசாய் இனம் உள்ள அளவும் அந்த நிலங்கள் அவர்களுக்கே என்று எழுதியும் கொடுத்தார்கள். ஏழே ஆண்டுகள்! 1911-ல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. லைக்கிபியாவும் போயிற்று. ஆடு மாடுகளோடு அவர்களைத் தெற்கே ஓட்டினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள், 1913-ல் வழக்குத் தோற்றது. உடன்படிக்கை இரண்டு அரசுகளுக்கு இடையே நடந்ததாம், அதனால் கோர்ட் விசாரிக்க முடியாதாம்! நிலத்தைப் பிடுங்கும்போது குடிமக்கள், நியாயம் கேட்கும்போது அன்னிய அரசு!

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தாம் முகாம்காரர்களோடு இப்போது குத்தகை எழுதுகிறார்கள். அதனால்தான் இந்தக் குத்தகைச் சீட்டை வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதனை 2020-ல் வந்தது. கொரோனா நோய் பரவ, மார்ச்சில் கென்யா தன் வெளிநாட்டு விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. ஆகஸ்டு வரை திறக்கவில்லை. முகாம்கள் வெறிச்சோடின. மாராவின் சில காப்பகங்களில் குத்தகைப் பணத்தைக் குறைத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரர்கள் இணங்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு வனப் பாதுகாப்பு நிறுவனத்திடம் கடன் வாங்கித்தான் பல காப்பகங்கள் தலை தப்பின. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை உண்டு என்ற சொல், விருந்தாளி வராத முதல் ஆண்டிலேயே தள்ளாடியது.

மேய்ப்பவர்கள் அப்போதும் தங்கள் பங்கைக் காத்தார்கள். நிலத்தை வேலி போட்டு விற்றுவிடாமல் பொறுத்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பரிசு கொடுக்க எந்தப் பயணப் பத்திரிகையும் முன்வரவில்லை.

இன்னொரு குறையும் பேசப்படுவதில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கிறது. ஆகவே பாங்குக் கணக்கும் ஆண்கள் பெயரில். மண்ணும் சாணமும் குழைத்து வீடு கட்டுபவள் மாசாய்ப் பெண்; பால் கறப்பவள் அவள்; விறகுக்கும் தண்ணீருக்கும் யானை நடமாடும் வழியில் நடப்பவளும் அவளே. மணி கோத்து விருந்தாளிகளுக்கு விற்பதில் கிடைக்கும் சில்லறைதான் பெரும்பாலும் அவள் கைக்கு வருகிறது. பட்டாவே கிடைக்காத குடும்பங்களும் உண்டு. காப்பகத்துக்காகக் குடிசையைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களில் அவர்களும் அடக்கம். குத்தகை வாங்குவோர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

செய்யக்கூடியது

இதற்காக முகாமை மூடு என்று சொல்வது மடமை. மூடினால் மறு நாள் வேலி வரும். மறு மாதம் கோதுமை உழவு வரும். மாராவைச் சுற்றி எத்தனையோ இடங்களில் அதுதான் நடந்திருக்கிறது. சிங்கத்துக்கும் நஷ்டம், மேய்ப்பவருக்கும் நஷ்டம்.

செய்யக்கூடியது வேறு. நல்ல ஆண்டுகளில் ஒவ்வொரு கூடாரத்தின் வருமானத்திலும் ஒரு பகுதியை ஒதுக்கி, கெட்ட ஆண்டுக்கு நிதி சேர்க்கலாம். அந்த நிதி முகாம்காரர் கையில் இல்லாமல் நில உரிமையாளர் சங்கத்தின் பெயரில் பாங்கில் இருக்க வேண்டும். குத்தகைப் பணத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் கட்டலாம். பட்டா இல்லாதவர்களுக்கு வேலையிலும் மேய்ச்சல் முறையிலும் முதல் உரிமை கொடுக்கலாம். ஏக்கருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை, மெத்தையின் மென்மையை அச்சிடும் அதே விளம்பரத் தாளில் அச்சிடலாம். ஆயிரம் டாலர் கொடுக்கும் விருந்தாளி, அதில் எவ்வளவு மாசாய்க் குடும்பத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளட்டுமே!

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. யாராவது முதலில் செய்து, ஊரறியச் சொல்ல வேண்டும். ஊரறியச் சொல்வதில் பிரான்சனை மிஞ்சியவர் இல்லை. பலூனுக்கும் மணப்பெண் உடைக்கும் கிடைத்த விளம்பரத்தில் கால் பங்கு, அவருடைய குத்தகைச் சீட்டுக்குக் கிடைத்தாலும் மாராவின் மற்ற முகாம்காரர்கள் சும்மா இருக்க முடியாது. அவர்களிடமும் விருந்தாளிகள் கேட்பார்கள்.

குத்தகை என்றைக்கும் நிற்பதல்ல. காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அந்த நாளில் மேசைக்கு இந்தப் பக்கம் உலகப் பிரபல முதலாளியின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் சிவப்புப் போர்வை போர்த்த மேய்ப்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 1911-ல் அவர்கள் பாட்டன்மார் கையில் இல்லாத பட்டா, இப்போது அவர்கள் மடியில் இருக்கும்.