குழாய் வந்த பிறகும் கறை போகவில்லை
தருமபுரி இளைஞர் அமைப்பு ஒன்றின் நிலைப்பாட்டு அறிக்கை

ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்ட பிறகு புளூரைடைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும்? தருமபுரி மாவட்டத்தில் அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு இவ்வமைப்பின் பதில் தெளிவானது: பிரச்சினை இன்னும் தீரவில்லை. குடிநீர், ஏரி, உணவு மூன்றையும் ஒரே சுகாதாரப் பணியாக நடத்த வேண்டும். அதில் ஊர் இளைஞர்களுக்கு முறையான பொறுப்பு வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானிய நிதியுதவியுடன் உருவான ஒகேனக்கல் குடிநீர், புளூரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அதை இவ்வமைப்பு நன்றியோடு வரவேற்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் பழைய போர்வெல்லுக்குத்தான் போகும்.

அந்த நீரில்தான் சிக்கல். கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில் புளூரைடு கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. புளூரைடுக்கு நிறமும் மணமும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பல்லின் எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் இந்த நீரைக் குடித்த குழந்தைக்குக் கறை நிலைத்துவிடுகிறது. கல்லூரி போகும் அக்காவின் பல்லில் உள்ள கறை தானாகப் போகாது. பால்வாடிக்குப் போகும் தம்பிக்கு அது வராமல் தடுக்கலாம். இளைஞர்கள் முன்னே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் இல்லை.

மருத்துவத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்க்கும் வழியைக் காண வெளியூர் போகவேண்டியதில்லை. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் ஒரு கூரைக் கொட்டகையில் பழங்குடியினர் நலப் பணியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆனார்கள். அதே முயற்சி பின்னர் இயற்கை விவசாயிகள் சங்கமாகவும் விரிந்து, சிறுதானியத்தைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவந்தது.

மருத்துவத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழி புளூரைடுக்கும் பொருந்தும். கால்சியம் குறைந்த உடலில் அதன் பாதிப்பு கடுமையாகும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அது மிகச் சொற்பம். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது சரியான அடி. கேழ்வரகுக் களி சத்துணவுக் கூடத்துக்கும் வர வேண்டும்.

இவ்வமைப்பின் கோரிக்கைகள் மூன்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பயிற்சி தர வழி இருக்கிறது. அவர்களோடு இளைஞர்களையும் சேர்க்க வேண்டும். அளவு மீறிய போர்வெல்லுக்குச் சிவப்புப் பூசி, ‘குடிக்க, சமைக்க ஆகாது’ என எழுத வேண்டும். மழைநீர் கீழே இறங்கி அடர்த்தியைக் குறைக்க, ஏரியும் வரத்துக் கால்வாயும் தூர்வாரப்பட வேண்டும்.

தங்கள் பங்குக்கு, மார்ச் 22 கிராம சபையில் ஒவ்வொரு நீராதாரத்தின் புளூரைடு அளவையும் இவ்வமைப்பின் உறுப்பினர்கள் உரக்க வாசிப்பார்கள். சோதிக்காத கிணற்றுக்கு நேரே ‘சோதிக்கவில்லை’ என்றே எழுதுவார்கள்.