பசியை மறக்கடிக்கும் பகைமை

1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நான்கே நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. 16ஆம் தேதி பிறந்தவர், இலண்டனில் கொடிய வறுமையில் வளர்ந்த சார்லி சாப்ளின். 20ஆம் தேதி பிறந்தவர், ஆஸ்திரியாவின் அடால்ஃப் ஹிட்லர். ஒருவர் உலகைச் சிரிக்க வைத்தார். மற்றவர் உலகை அழ வைத்தார்.

ஹிட்லரைக் கேலி செய்து சாப்ளின் எடுத்த படம் 'தி கிரேட் டிக்டேட்டர்'. 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் மூண்ட அதே மாதத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. 1940 அக்டோபரில் படம் நியூயார்க்கில் வெளியானது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்படம் மறக்கப்படவில்லை. 2022 மே 17 அன்று, கான் திரைப்பட விழாவின் தொடக்க நிகழ்வில் காணொளி வழியாகப் பேசிய உக்ரைன் அரசுத்தலைவர் செலென்ஸ்கி, இப்படத்தை நினைவூட்டி, இன்றைய திரையுலகம் மௌனமாக இருந்துவிடுமா என்று கேட்டார்.

அன்பு வாசகர்களே, ஒருவரின் மீசையையும் கூச்சலையும் மட்டும் கேலி செய்த படமாக இருந்திருந்தால், அது அவரோடு மறைந்திருக்கும். இப்படம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வேறு. வெறுப்பு அரசியல் எப்படி இயங்குகிறது என்பதை அது காட்டித் தருகிறது.

டொமேனியா என்னும் கற்பனை நாட்டின் சர்வாதிகாரி ஹிங்கல். மக்கள் பசியால் முணுமுணுக்கிறார்கள். அப்போது அவருடைய அமைச்சர் ஓர் ஆலோசனை சொல்கிறார். யூதர்கள் மீது வன்முறையை ஏவினால் மக்கள் தங்கள் வயிற்றை மறந்துவிடுவார்கள் என்கிறார். யூதர் குடியிருப்பில் கடைகள் நொறுங்குகின்றன. சில நாட்களில், அண்டை நாட்டின் மீது படையெடுக்க ஹிங்கலுக்குப் பணம் தேவைப்படுகிறது. யூத வங்கியாளர் ஒருவரிடம் கடன் கேட்க வேண்டிய நிலை. உடனே தாக்குதல் நிற்கிறது. நேற்றுவரை அடித்த காவலர்கள் இன்று கனிவாக நடந்துகொள்கிறார்கள். வங்கியாளர் கடன் தர மறுக்கிறார். மீண்டும் வீடுகள் எரிகின்றன.

இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குழாயைத் திறப்பது போலவும் மூடுவது போலவும் பகைமையைத் திறந்து மூடும் கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்குத் தேவை பணமும் பதவியும். கீழே கல்லெறிபவரோ, அந்தக் கோபம் தன் சொந்தக் கோபம் என்றே நம்புகிறார்.

இது பழைய கதை அன்று. மியான்மாரில் ரொஹிங்கியா மக்கள் மீது இராணுவம் 2017 ஆகஸ்டில் நடத்திய தாக்குதலால் 7 இலட்சத்திற்கும் அதிகமானோர் வங்காளதேசத்திற்குத் தப்பி ஓடினர். அங்கு வெறுப்பைப் பரப்ப முகநூல் கருவியாகப் பயன்பட்டதை ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018இல் சுட்டிக்காட்டியது. தாங்கள் போதிய அளவு செயல்படவில்லை என்று அந்நிறுவனமும் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஹிங்கலுக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டது. இன்றோ நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது.

படத்தில் இன்னொருவரும் இருக்கிறார். ஹிங்கலைப் போலவே தோற்றமுள்ள ஓர் ஏழை யூத முடிதிருத்துநர். இரு வேடங்களிலும் சாப்ளினே நடித்தார். முதல் உலகப் போரில் நினைவிழந்து, பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். நாட்டில் நடந்த எதுவும் தெரியாமல் கடைக்குத் திரும்புகிறார். காவலர்கள் அவரது கடைக் கண்ணாடியில் 'யூதன்' என்று வண்ணத்தால் எழுதுகிறார்கள். அவர் துணியை எடுத்துத் துடைக்கிறார். அது வீரம் அன்று. அழுக்கைக் கண்டால் துடைக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். பயப்படக் கற்றுக்கொண்ட மற்றவர்கள் செய்யத் துணியாததை, கற்காத அவர் செய்துவிடுகிறார்.

இறுதியில் ஆள் மாறாட்டத்தால், ஹிங்கலின் இடத்தில் அவர் மேடையேறுகிறார். படைவீரர்களைப் பார்த்து, உங்களை அடிமைகளாக நடத்துபவர்களுக்கு உங்களைக் கையளிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறார். இறையாட்சி ஒரு மனிதரிடமோ ஒரு கூட்டத்திடமோ இல்லை, எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிறது என்கிறார்.

இந்தச் சொற்கள் நம் திருஅவையையும் கேள்வி கேட்கின்றன. 1937 மார்ச் 21, குருத்து ஞாயிறன்று, திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் சுற்றுமடல் ஜெர்மனியின் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இனத்தையும் அரசையும் தெய்வமாக்குவதை அது கண்டித்தது. இரகசியமாக அச்சிட்டுப் பரப்பப்பட்ட அம்மடலுக்காக அச்சகங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ஆனால் போர் வந்தபோது, ஜெர்மானிய ஆயர்கள் பலர் கடமையைச் செய்யுமாறே படைவீரர்களை ஊக்குவித்தனர். தங்கள் முன்னோடிகள் போரைத் தெளிவாக எதிர்க்கவில்லை, அதனால் போருக்கு உடந்தையாயினர் என்று 2020 ஏப்ரலில் ஜெர்மன் ஆயர் பேரவை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. 75 ஆண்டுகள் தாமதமானாலும், அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

ஒரு திரைப்படம் ஹிட்லரைத் தடுத்ததா? இல்லை. வதைமுகாம்களின் முழுக் கொடூரமும் அன்று தெரிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளினே 1964இல் வெளியான தன் வரலாற்றில் எழுதினார். சிரிப்பு எவரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் ஏவுகிற கை எது என்பதைக் காட்டும். கண்டபின் என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

2017 டிசம்பரில் டாக்காவில் ரொஹிங்கியா அகதிகளைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், உலகம் காட்டிய அலட்சியத்திற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கடவுளின் உடனிருப்புக்கு இன்று ரொஹிங்கியா என்றும் பெயர் உண்டு என்றார். சாப்ளினின் முடிதிருத்துநர் லூக்காவில் கண்டதும் இதைத்தானே?

நாளைக் காலை நம் கைப்பேசியில், ஏதோ ஒரு சமூகத்தாரைப் பழிக்கும் செய்தி ஒன்று வந்து சேரலாம். இதனால் யாருக்கு இலாபம், எந்தப் பசியை நாம் மறக்க வேண்டும் என்று இதை அனுப்புகிறார்கள் என்று ஒரு நொடி கேட்போம். பிறகு அதை மற்றவருக்கு அனுப்பப் போகிறோமா, அல்லது அந்த எளிய மனிதரைப் போலத் துணியை எடுத்துத் துடைக்கப் போகிறோமா?