வராத ஆளுக்கும் டிக்கெட்!

சொகுசுக் கப்பலில் தனியாகப் போக விசாரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது, அறையை இருவர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் தொகை. தனி ஆள் பெரும்பாலும் இரண்டு தலைக்கும் அழ வேண்டும். நாகரிகமாக 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்பார்கள்.

'அறை ஒண்ணுதானே சார், ஒருத்தர் படுத்தாலும் அதே செலவுதானே?' என்பது அவர்கள் வாதம். சரி, அறைக்கு வாங்குங்கள். வராத ஆளின் சாப்பாட்டுக்கு எதற்கு? விஷயம் வேறு. கப்பல்காரர்கள் டிக்கெட்டை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பார், கேசினோ, ஸ்பா என்று உள்ளே கறப்பதும் பெரிய வருமானம். ஒரு பர்ஸ் குறைகிறதே என்ற வயிற்றெரிச்சல்!

2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 குட்டி அறைகள் வைத்தார்கள். சுமார் நூறு சதுர அடி, கடல் பார்க்க ஜன்னல் கிடையாது. இருந்தாலென்ன, மனசு வைத்தால் முடிகிறதல்லவா?

'கியாரண்டி' அறை என்று மலிவாக ஒன்று தருவார்கள். எந்த அறை என்பது அவர்கள் இஷ்டம். தலைக்கு மேல் டிஸ்கோ அதிரலாம், ஜாக்கிரதை!

ஏறிவிட்டால் காசே கண்ணில் படாது. எல்லாம் அட்டைதான். பல கப்பல்களில் டிப்ஸும் தினமும் தானாக ஏறும். ராத்திரி படுக்குமுன் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வராத ஆளுக்கும் டிப்ஸ் போட்டிருந்தால், கூச்சப்படாமல் சண்டை போடுங்கள்.